ரிச்சர்ட்ஸ் டவுன் மாணவருக்குக் கட்டணம் தரும் பொறுப்பு எந்த அரசுக்கு?

புது தில்லி: கல்லூரியில் சேரும் ஏழை மாணவரின் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும் என்பதில் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எந்த அரசு ஏற்பது என்பதில்தான் சிக்கல். பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், பாட்டரி டவுன், லிங்கராஜபுரம் பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விக்கான விடை, அவர்கள் பிறந்த மருத்துவமனையிலோ படித்த பள்ளியிலோ கிடைப்பதில்லை. 1950-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி அவர்களின் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதில்தான் அது அடங்கியிருக்கிறது.

அந்தத் தேதியில்தான் அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவின்கீழ் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பட்டியல் குடியரசுத் தலைவரின் ஆணையாக வெளியிடப்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியலாக அல்லாமல், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியலாக அது அமைந்தது. ஒரே சாதி இரு மாநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தாலும், ஒருவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலத்தில் மட்டுமே அந்தத் தகுதிக்குரிய சலுகைகளைக் கோர முடியும் என்பதே இன்றுவரை சட்டத்தின் நிலை.

ஒரே தெரு, மூன்று விடைகள்: இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய ஒரு தெருவில் மூன்று மாணவிகள் வசிப்பதாகக் கொள்வோம். மூவரின் தாய்மொழியும் தமிழ். மூவரும் கர்நாடகத்தில் பிறந்தவர்கள். ஒரே கல்லூரியில் பி.காம். முதலாண்டில் சேர்ந்திருப்பவர்கள். மூவர் வீட்டிலும் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய். மூவரின் முன்னோரும் ஆதிதிராவிடர்கள்.

முதல் மாணவியின் குடும்பம் கண்டோன்மென்ட் காலத்திலேயே பெங்களூரில் குடியேறியது. கர்நாடகத்தின் பட்டியலில் உள்ள 101 சாதிகளில் ஆதிதிராவிடரும் அடங்குவர். அவருக்குக் கர்நாடக அரசு சாதிச் சான்றிதழ் வழங்கும். கட்டணமும் பராமரிப்புத் தொகையும் கர்நாடகத்தின் வழியாகக் கிடைக்கும்.

இரண்டாவது மாணவியின் தாத்தா 1970-களில் வேலை தேடி வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். தந்தை பெங்களூரில் வளர்ந்தவர், மகள் பெங்களூரில் பிறந்தவர். ஆயினும் விதிப்படி அவர்கள் தமிழகத்தின் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். உதவித்தொகையை அவர் தமிழக அரசிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது மாணவியின் குடும்பம் கிறிஸ்தவத்தைத் தழுவியது. 1950-ம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே உள்ளனர். கர்நாடகத்தில் மதம் மாறிய தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோரில் முதல் பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். எனவே, தாழ்த்தப்பட்டோருக்கான மத்திய உதவித்தொகை அவருக்கு இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான மாநிலத் திட்டத்தின் கதவைத்தான் அவர் தட்ட வேண்டும்.

வறுமை ஒன்று, வகுப்பறை ஒன்று, கட்டும் கட்டணமும் ஒன்று. ஆனால் விண்ணப்பம் செல்ல வேண்டிய இடங்கள் மூன்று.

கண்டோன்மென்ட் விட்டுச்சென்ற வரலாறு: இப்பகுதியில் இந்தச் சிக்கல் கூர்மையாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் ராணுவக் கண்டோன்மென்ட்டை அமைத்தபோது, அதன் பின்னாலேயே மதராஸ் ராஜதானியின் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும், சமையல்காரர்களும், கட்டடத் தொழிலாளர்களும், வணிகர்களும் வந்து சேர்ந்தனர். 1881-ல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும், இந்தப் பகுதி மட்டும் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1898-ல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசல் மிகுந்த குடியிருப்புகளுக்கு மாற்றாகப் புதிய பகுதிகள் உருவாக்கப்பட்டன. பிரேசர் டவுன் அப்படித்தான் எழுந்தது. அதை அடுத்து உருவான ரிச்சர்ட்ஸ் டவுன், அந்த ஸ்டேஷனின் கலெக்டராக இருந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1947-ல் இப்பகுதி மைசூர் சமஸ்தானத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. அதற்குமுன் வந்தவர் மைசூர்க்காரர். பின்னர் வந்தவர் சென்னை மாநிலத்தவர் என்று சட்டம் பிரித்தது. ஆனால் தமிழகத்திலிருந்து பெங்களூருக்கு வரும் ரயில்கள் 1950-ல் நின்றுவிடவில்லை. அதன்பின் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வந்தவர்கள், முன்பே வந்திருந்த உறவினர்களின் தெருக்களிலேயே குடியேறினர். தெருவுக்குள் தெரியாத கோடு, சான்றிதழில் தெரிகிறது.

உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு: மத்திய உள்துறை அமைச்சகம் 1977-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி அனுப்பிய சுற்றறிக்கை இந்தக் கோட்டை வரையறுத்தது. 1950 ஆணைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, ஆணை வெளியான நாளில் பெற்றோர் நிரந்தரமாக வசித்த இடமே அவர்களின் இடமாகக் கருதப்படும் என்று அது கூறியது. 1985-ம் ஆண்டு பிப்ரவரி 22-ம் தேதி சுற்றறிக்கை ஒரு சிறு வசதியைச் செய்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்தவரின் பிள்ளைக்கு, தந்தையின் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, குடியேறிய மாநில அதிகாரியே சான்றிதழ் வழங்கலாம் என்றது. ஆனால் அந்தச் சான்றிதழால் கிடைக்கும் சலுகை பூர்வீக மாநிலத்தின் சலுகையே தவிர, குடியேறிய மாநிலத்தின் சலுகை அல்ல என்றும் தெளிவுபடுத்தியது.

1990-ல் இது அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்த பழங்குடி மாணவரான மர்ரி சந்திரசேகர ராவ், தந்தையின் மத்திய அரசு நிறுவன வேலை காரணமாக பம்பாயில் வளர்ந்தவர். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடத்தை அவர் மகாராஷ்டிரத்தில் கோரினார். ஒரு சமூகம் அனுபவிக்கும் தாழ்வு நிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். எனவே அந்தத் தகுதியும் அந்தந்த மாநிலத்தோடு மட்டுமே பொருந்தும் என்று கூறி உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்க மறுத்தது. 2018 ஆகஸ்ட் 30-ம் தேதி, தில்லி குடிநீர் வாரியம் தொடர்பான பீர்சிங் வழக்கிலும் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதே நிலைப்பாட்டை உறுதி செய்தது. தில்லி யூனியன் பிரதேசத்தின் பணிகளில் மட்டும் அனைத்திந்திய அளவிலான இடஒதுக்கீடு செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு விலக்களித்தது. தலைநகரில் குடியேறிய தமிழருக்குத் திறந்த அந்தச் சாளரம் பெங்களூரில் குடியேறிய தமிழருக்கு இல்லை.

மதம் மாறியவர்களின் நிலை குறித்து, சென்னையைச் சேர்ந்த சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி தொடர்ந்த வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பின்னும் அதே அளவு தாழ்வு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று அது தள்ளுபடி செய்யப்பட்டது. இதே கேள்வியை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஒரு கமிஷனை அமைத்தது குறிப்பிடத்தக்கது. இடைப்பட்ட காலத்தில், சிறுபான்மை மாணவர்களுக்கான கல்லூரி உதவித்தொகையும் தடைப்பட்டது. 2021-22 வரை மட்டுமே ஒப்புதல் பெற்றிருந்த அத்திட்டம், அதன்பின் புதிய ஒப்புதலின்றி நின்றுபோனது. தாழ்த்தப்பட்டோர் திட்டத்துக்குள் வர முடியாத கிறிஸ்தவ மாணவிக்கு இருந்த மற்றொரு வழியும் அத்துடன் அடைபட்டது.

பணம் யாருடையது?: பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை என்பது இந்தியாவின் மிகப் பழைய சமூக நலத் திட்டங்களில் ஒன்று. 1944-ல், வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் டாக்டர் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில் இது தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவிலும், அந்த ஆண்டில் செலவான தொகை மாநிலத்தின் நிரந்தரப் பொறுப்பாக மாறும். அதற்குமேல் ஆகும் செலவை மட்டும் மத்திய அரசு தரும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. மாணவர் எண்ணிக்கை பெருகப் பெருக, மாநிலங்களின் சுமையும் பெருகியது. தமிழகம், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின.

2020 டிசம்பர் 23-ம் தேதி மத்திய அமைச்சரவை இந்த முறையை மாற்றியது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு என்று நிர்ணயிக்கப்பட்டது. 2020-21 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டு, அதில் 35,534 கோடி ரூபாய் மத்திய அரசின் பங்காக அறிவிக்கப்பட்டது. நான்கு கோடி மாணவர்கள் பயன் பெறுவர் என்றும் கூறப்பட்டது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே, மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்லும்.

ஆனால் இரண்டு விஷயங்கள் மாறவில்லை. ஒன்று, வருமான உச்சவரம்பு. 2013-14 கல்வியாண்டில் நிர்ணயிக்கப்பட்ட இரண்டரை லட்சம் ரூபாயே 2020 மாற்றத்தின்போதும் நீடித்தது. மாதக் கணக்கில் இது 20,833 ரூபாய். பெங்களூரில் கணவன், மனைவி இருவரும் கூலி வேலைக்குச் சென்றாலே இந்த வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. மற்றொன்று, மாணவர் நிரந்தரமாகச் சேர்ந்த மாநிலமே உதவித்தொகை வழங்கும் என்ற விதி. வெளிமாநிலக் கல்லூரியில் படித்தாலும் சொந்த மாநிலமே பணம் தரும் என்ற அளவில் இது நல்ல விதிதான். சேலத்திலிருந்து வந்து பெங்களூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இதனால் நன்மையே. சேலத்தைப் பார்த்தே இராத, ஆனால் 'சேலத்துக்காரர்' என்று சட்டம் கருதும் மாணவருக்குத்தான் இது சுவராகிறது.

விண்ணப்பத்தின் பாதை: கர்நாடகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்கள் மாநில அரசின் இணையவழி உதவித்தொகைத் தளத்தில் பெறப்படுகின்றன. அதற்கு முன்பாக, கன்னடத்தில் நாட கச்சேரி என்று அழைக்கப்படும் வருவாய் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பெற வேண்டும். ஒவ்வொரு சான்றிதழிலும் 'ஆர்.டி.' எண் என்ற வரிசை எண் இருக்கும். அந்த எண்ணைப் பதிவு செய்தால், வருவாய்த் துறையின் பதிவேட்டிலிருந்து விவரங்கள் தாமாகவே விண்ணப்பத்தில் வந்து சேரும். ஆதார் எண், ஆதாருடன் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு, கல்லூரிப் பதிவு எண் ஆகியவையும் தேவை. மற்ற ஆவணங்களைக் கல்லூரி அலுவலர் மின்னணு முறையில் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும்.

இந்த முறையில் இடைத்தரகர்களுக்கு இடம் குறைவு. ஆனால் எண் இல்லாதவருக்குக் கதவும் இல்லை. கர்நாடக வருவாய்த் துறையின் சாதிச் சான்றிதழ் எண் இல்லாத இரண்டாவது மாணவியின் விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். அவர் தமிழகத்தில் விண்ணப்பிக்க முயன்றால், அங்கே சாதிச் சான்றிதழுடன் இருப்பிட ஆதாரமும் கேட்கப்படும். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் அனைத்தும் பெங்களூர் முகவரியில் இருக்கும் குடும்பம் எதைக் காட்டும்? தாத்தாவின் கிராமத்தில் நிலமோ வீடோ எஞ்சியிருந்தால் வழி பிறக்கலாம். நிலமற்ற கூலிகளாகப் புறப்பட்டு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வறுமை மிகுந்தவர்களிடமே ஆவணமும் குறைவு என்பதே இதிலுள்ள முரண்.

பெயரும் ஒரு தடையாகிறது. தமிழர்கள் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்வர். ஆதார் அட்டையில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் எழுத்தாக மட்டும் இருக்கும். சாதிச் சான்றிதழில் கன்னட ஒலிப்புக்கு ஏற்ப மாறியிருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று விளங்கும். கணினி வேறு ஆள் என்று திருப்பி அனுப்பும். விண்ணப்பக் கெடு முடிவதற்குள் இதைத் திருத்துவதற்காகக் கூலி வேலையை விட்டு அலுவலகத்துக்கு அலைய வேண்டியவர் மாணவரின் தாயோ தந்தையோதான்.

பணம் காத்திருக்காது: உதவித்தொகை கல்வியாண்டின் பிற்பகுதியில் வரலாம், அடுத்த ஆண்டிலும் வரலாம். கல்லூரியோ சேர்க்கையின்போதே கட்டணம் கேட்கும். இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை 2024 செப்டம்பரில் நாடு கண்டது. உத்தரப் பிரதேசத்தின் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனான தலித் மாணவர், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் செலுத்த முடியாமல் இடத்தை இழந்தார். அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை வர முடிந்த மாணவருக்கு நீதி கிடைத்தது. மற்றவர்களுக்காகவே, தகுதியுள்ள தாழ்த்தப்பட்ட மாணவர்களை முன்கட்டணமின்றிச் சேர்க்க உதவும் கட்டண விலக்கு அட்டை மத்திய வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அந்த அட்டையையும் மாணவரின் சொந்த மாநிலம்தான் வழங்க வேண்டும். எந்த மாநிலம் தன்னுடையது என்று நிறுவ முடியாதவருக்கு அதுவும் எட்டாது.

மறுபக்கத்தின் நியாயம்: மாநிலப் பட்டியல் முறைக்கு ஆதரவான வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இடஒதுக்கீட்டில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கல்வியில் முன்னேறிய மாநிலத்திலிருந்து வருபவர் ஓர் இடத்தைப் பெற்றால், அந்த மண்ணின் ஒடுக்கப்பட்டவர் ஓர் இடத்தை இழப்பார். கர்நாடகத்தின் தலித் அமைப்புகளுக்கு இந்த அச்சம் இருப்பின் அது இயல்பே.

ஆனால் உதவித்தொகை இடஒதுக்கீடு அல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு மாணவர் எண்ணிக்கையில் உச்சவரம்பு இல்லை. தகுதியுள்ள அனைவருக்கும் உரியது. ஒரு தமிழ் மாணவிக்குக் கிடைப்பதால் கன்னட மாணவி ஒருவர் தன் பங்கை இழப்பதில்லை. கேள்வி, மாநிலத்தின் 40 சதவீதப் பங்கை யார் ஏற்பது என்பது மட்டுமே. அது இரு அரசுகளின் கணக்குத் துறைகள் தீர்க்க வேண்டிய கேள்வி. பதினெட்டு வயது மாணவி தீர்க்க வேண்டியதல்ல.

முன்னுதாரணங்கள் இல்லாமலும் இல்லை. மத்திய கல்வி அமைச்சகம் ஆண்டுதோறும் 82,000 கல்லூரி மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை வழங்குகிறது. இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலைக்கு 20,000 ரூபாய். அத்திட்டம் மாணவர் எந்தத் தேர்வு வாரியத்தில் தேறினார் என்று பார்க்கிறதே தவிர, தாத்தா எங்கிருந்து வந்தார் என்று கேட்பதில்லை. கர்நாடக வாரியத்தில் பி.யு.சி. தேறிய ரிச்சர்ட்ஸ் டவுன் மாணவி அதில் கர்நாடக மாணவியே. திறமைக்கான திட்டத்தில் எழாத பூர்வீகக் கேள்வி, தேவைக்கான திட்டத்தில் எழுகிறது.

ரேஷன் பொருள்களிலும் வழி காணப்பட்டுள்ளது. 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டம், 2022 ஜூனில் அனைத்து மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் எட்டியது. விழுப்புரத்து அட்டையைக் காட்டி பெங்களூரில் அரிசி பெற முடிகிறது. அரிசிக்கு எல்லை கடக்கத் தெரிந்த கணினிக்குக் கல்விக் கட்டணத்துக்கும் எல்லை கடக்கத் தெரியும்.

இதற்குச் சாதிப் பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை. மாணவரின் சாதித் தகுதியைப் பூர்வீக மாநிலம் இணையவழியில் உறுதி செய்யட்டும். படித்த, வசிக்கும் மாநிலம் விண்ணப்பத்தைப் பெற்று வழங்கட்டும். மாநிலப் பங்கை இரு அரசுகளும் பின்னர் நேர் செய்துகொள்ளட்டும் அல்லது மத்திய அரசே முழுமையாக ஏற்கட்டும். 1985 சுற்றறிக்கை தந்தையின் சான்றிதழை ஆதாரமாக ஏற்க ஏற்கெனவே அனுமதிக்கிறது. தேவை, அந்தச் சான்றிதழைப் பணமாக்கும் ஒரு வழிகாட்டு நெறி.

அதுவரை, கல்லூரிக் கனவோடு பிளஸ் டூ வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தந்தையின் சாதிச் சான்றிதழை எந்த மாநிலம் வழங்கியது என்று பார்க்க வேண்டும். 1950-க்கு முன்பே பெங்களூரில் வசித்தவர்கள் என்றால், தாத்தாவின் பள்ளிப் பதிவேடு, பணிப் பதிவு, பழைய வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு இவற்றைத் தொடங்கினால் காலம் போதாது.

2020-ல் அளிக்கப்பட்ட ஒப்புதல் 2025-26 நிதியாண்டு வரைக்கும் உரியது. அதற்குப் பிந்தைய காலத்துக்கான விதிகளில் தொகை எவ்வளவு என்பது மட்டுமன்றி, புலம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதற்கும் விடை இருக்க வேண்டும். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் கர்நாடகத்தின் 28 உறுப்பினர்களும் காவிரியில் ஒரே அணியில் நிற்பது கடினம். ரிச்சர்ட்ஸ் டவுன் மாணவியின் கட்டண ரசீதுக்காக அவர்கள் ஒன்றாக நிற்பதில் எந்த மாநிலத்துக்கும் இழப்பில்லை.